ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’, கிளாஸ்கோ பதிப்பு: இரு தொகுதிகள் பற்றிய மதிப்புரை

அரசியல் பொருளாதாரம் என்ற துறை எதைக் குறிக்கிறது, அது எங்கிருந்து கிளம்பியது என்று அறிய விரும்புகிறவர் எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்று கேட்டால், பின்னாளில் எழுதப்பட்ட அறிமுக நூல்களைத் தள்ளி வைத்துவிட்டு ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ நூலைக் கிளாஸ்கோ பதிப்பில் வாங்குங்கள் என்றே சொல்வேன். மூல நூல் 1776 மார்ச் 9 அன்று லண்டனில் வெளிவந்தது. அதன் இருநூறாம் ஆண்டையொட்டிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்மித்தின் எழுத்துகளை ஒப்புநோக்கிச் செம்மைப்படுத்தி வெளியிட முன்வந்தது. அந்த வரிசையில் இந்நூலை ஆர். எச். கேம்ப்பெல், ஏ. எஸ். ஸ்கின்னர் ஆகிய இருவரும் பதிப்பித்தனர், பதிப்புக்குப் பதிப்பு மாறும் பாடவேறுபாடுகளை டபிள்யூ. பி. டாட் கவனித்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1976இல் கெட்டி அட்டையில் வெளியிட்ட இப்பதிப்பை, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரிலுள்ள லிபர்ட்டி ஃபண்ட் நிறுவனம் 1981இல் பேப்பர்பேக்காக மறுஅச்சுச் செய்தது. நான் பயன்படுத்துவதும் இங்கே மதிப்பிடுவதும் அந்தப் பேப்பர்பேக் தொகுதிகளைத்தான்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் பொருளியல் எடுத்தவர்களுக்கு ஸ்மித்தின் பெயரோடு ‘செல்வ இலக்கணம்’ என்ற தலைப்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதை அடுத்து மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம் என்று வரிசையாகப் படிப்போம். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் குறையை நீக்கியதாகத் தேர்வில் எழுதுவோம். அந்த வரிசையில் முதலில் நிற்பதாலேயே ஸ்மித், மனிதரை மறந்து செல்வத்தை மட்டும் எண்ணிய பழைய ஆசிரியராக மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறார். அவருடைய நூலின் நான்காம் பாகத்தைத் திறந்து முதல் பத்தியைப் படித்தாலே இந்தச் சித்திரம் கலைந்துவிடும். அரசியல் பொருளாதாரம் என்பது அரசை நடத்துகிறவரும் சட்டம் இயற்றுகிறவரும் கற்க வேண்டிய அறிவியலின் ஒரு கிளை என்றும், அதற்கு இரண்டு நோக்கங்கள் உண்டு என்றும் அங்கே அவர் எழுதுகிறார். மக்களுக்கு நிறைவான வருவாயை, அதாவது பிழைப்புக்கு வேண்டியதை அளிப்பது முதல் நோக்கம்; இன்னும் சரியாகச் சொன்னால், அதை மக்கள் தாமே தேடிக்கொள்ளும்படி செய்வது என்று அதே வாக்கியத்துக்குள் தம்மையே திருத்திக்கொள்கிறார். பொதுப் பணிகளுக்குப் போதுமான வருவாயை அரசுக்கு ஈட்டித் தருவது இரண்டாவது நோக்கம்.

இந்தத் துறையின் பொருளை இதைவிடச் சுருக்கமாகவும் முழுமையாகவும் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சந்தை எப்படி இயங்குகிறது என்ற கேள்வியும் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியும் இங்கே ஒரே கேள்வியின் இரு பகுதிகளாக இருக்கின்றன. பிற்காலத்தில் முதல் பகுதி பொருளியல் துறைக்கும் இரண்டாவது பகுதி அரசியல் துறைக்கும் பிரிந்து போயின. பிரிவதற்கு முன் அவை எப்படிச் சேர்ந்திருந்தன என்பதை மூலத்திலேயே கண்டுகொள்ள உதவுவதுதான் இந்தப் பதிப்பின் முதன்மையான பயன். அதே பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ‘நாடுகளின் செல்வத்தினுடைய இயல்பும் காரணங்களும்’ என்ற தம் நூலின் தலைப்பையே அரசியல் பொருளாதாரம் என்பதற்கு மறுபெயராக அவர் வைப்பதையும் காணலாம்.

முதலில் புத்தகத்தைப் பொருளாக எடுத்துப் பார்ப்போம். இரண்டு தொகுதிகளும் சேர்ந்து 1,000 பக்கங்களுக்கு மேல் வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பின் பக்கங்களையே படமெடுத்து அச்சிட்டிருப்பதால், உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் தரப்படும் பக்க எண்கள் இந்த மலிவான பதிப்புக்கும் பொருந்துகின்றன. பத்திகளுக்கும் ஓரத்தில் எண் இடப்பட்டிருக்கிறது. மேற்கோளாக எங்கோ படித்த ஒரு வரியைப் பாகம், அத்தியாயம், பத்தி எண் ஆகியவற்றைக் கொண்டு உடனே தேடிப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஸ்மித் என்ன சொல்கிறார் என்று சரிபார்க்கலாம். துண்டு துண்டாக மேற்கோள் காட்டப்படுவதில் இவரை மிஞ்சிய ஆசிரியர் அரிது என்பதால், இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். கட்டு உறுதியானது, நடுப்பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தாலும் முதுகு பிளப்பதில்லை. அட்டைக்கு உட்புறத் தாளில் ஆப்பெழுத்துக் குறி ஒன்றை அச்சிட்டிருக்கிறார்கள், கி.மு. 2300 அளவில் சுமேரிய நகரான லகாஷில் எழுதப்பட்ட களிமண் பலகையிலிருந்து எடுக்கப்பட்ட, விடுதலையைக் குறிக்கும் சொல் அது. வெளியீட்டு நிறுவனத்தின் சார்பு எந்தப் பக்கம் என்பதை அந்தக் குறியே அறிவித்துவிடுகிறது. ஆனால் அச்சார்பு நூலின் உள்ளே ஒரு வரியையும் தொடவில்லை. ஸ்மித் எழுதியதும், கிளாஸ்கோ பதிப்பாசிரியர்கள் குறித்ததும் அப்படியே இருக்கின்றன.

இப்பதிப்பின் உயிர் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. ஸ்மித் தமக்கு முந்தியவர்களை அடிக்கடி பெயர் சொல்லாமல் விடுகிறவர். அவர் யாரோடு பேசுகிறார், யாரை மறுக்கிறார், எதை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பதிப்பாசிரியர்கள் பக்கந்தோறும் அடியில் காட்டிக்கொண்டே வருகிறார்கள். முதல் அத்தியாயத்தின் குண்டூசித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வேலைகளாகப் பிரித்துப் பத்துப் பேர் செய்தால் ஒரு நாளில் 48,000 ஊசிகள், ஆளுக்கு 4,800 என்ற கணக்கு எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதற்கு முன்பே குண்டூசி பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் ஒரு தனிக் கட்டுரைக்குப் பொருளாகியிருந்தது என்பதும், ஸ்மித் கிளாஸ்கோவில் ஆற்றிய விரிவுரைகளிலேயே இதே எடுத்துக்காட்டு வந்துவிட்டது என்பதும் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்தால் தெரியவரும்.

அந்த விரிவுரைகளின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. 1752 முதல் 1764 வரை கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்த ஸ்மித், தம் இறப்புக்கு முன் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை எரிக்கச் செய்துவிட்டார். அவருடைய வகுப்பில் மாணவர் எடுத்த குறிப்புகள் மட்டும் எங்கோ தப்பிப் பிழைத்தன. ஒரு தொகுப்பைப் பொருளியலறிஞர் எட்வின் கானன் 1896இல் வெளியிட்டார். 1762-63ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு தொகுப்பு 1958இல் ஸ்காட்லாந்தின் ஒரு பழைய வீட்டு நூலகம் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது. அக்குறிப்புகளில் வேலைப் பகுப்பு, விலை, பணம் ஆகியவை சட்டவியல் பாடத்தின் ஒரு பிரிவாகவே வருகின்றன. நீதி ஒரு பிரிவு. நகரத் தூய்மை, பாதுகாப்பு, பண்டங்கள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது ஆகியவற்றைக் கவனிக்கும் பொது ஒழுங்கு அடுத்த பிரிவு. அரசு வருவாயும் படையும் அதற்கடுத்தவை. அந்த இரண்டாவது பிரிவில் ‘மலிவு’ என்ற தலைப்பின் கீழ் பேசப்பட்ட செய்திகள் வளர்ந்து பெருகித்தான் ‘நாடுகளின் செல்வம்’ ஆயின. அரசியல் பொருளாதாரம் சட்டவியலின் மடியில், அதுவும் ஓர் அறவியல் வகுப்பறையில் வளர்ந்த துறை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கிளாஸ்கோ பதிப்பாசிரியர்கள் நூலின் பகுதிகளை அந்த விரிவுரைகளின் பகுதிகளோடு விடாமல் பொருத்திக் காட்டுகிறார்கள். 1976க்கு முன் வந்த பதிப்புகள் எவற்றிலும் இவ்வளவு விரிவான ஒப்பீடு இல்லை.

ஸ்மித்துக்கு முந்திய நூறு ஆண்டுகளின் வாக்குவாதங்களுக்கும் இந்த அடிக்குறிப்புகள் வழிகாட்டுகின்றன. அந்த வாக்குவாதங்களின் முக்கியமான கிளை ஒன்று நம் கடற்கரையோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனி பருத்தித் துணியும் நறுமணப் பொருள்களும் வாங்குவதற்காக வெள்ளியைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே அனுப்பியது. சோழமண்டலக் கரையின் துணிக்கு ஈடாக ஆங்கிலேயரிடம் விற்கத் தக்க சரக்கு அதிகம் இருக்கவில்லை. நாட்டின் வெள்ளி வெளியே போவது கேடு என்று இங்கிலாந்தில் எழுந்த குரலுக்குப் பதிலாகக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1664இல் வெளிவந்தது. ஒரு நாட்டோடு நடக்கும் வணிகத்தைத் தனியே பார்க்கக் கூடாது, மொத்த ஏற்றுமதி மொத்த இறக்குமதியைவிட மிஞ்சுகிறதா என்றே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். வணிக உபரியே நாட்டின் செல்வம் என்ற இந்தக் கருத்து ஐரோப்பிய அரசுகளின் பொதுக் கொள்கையானதை நான்காம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் ஸ்மித் மன்னின் பெயரைச் சொல்லியே விவரிக்கிறார். பிறகு ஏழு அத்தியாயங்களில் அதைத் தகர்க்கிறார். முதல் பாகத்தில் பேசுபொருளை விட்டு விலகி வெள்ளி விலை பற்றிப் பேசும் நீண்ட பகுதியில், புதிய கண்டமான அமெரிக்காவின் வெள்ளி பழைய கண்டத்தின் இரு முனைகளுக்கிடையே வணிகத்தை நடத்தும் முதன்மையான சரக்குகளில் ஒன்று என்று அவர் எழுதும்போது, அந்தக் கிழக்கு முனையில் நம் ஊர் நெசவாளரும் நிற்கிறார் என்பதை எண்ணாமல் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

இத்துறைக்கு அரசியல் பொருளாதாரம் என்ற பெயரைத் தலைப்பில் முதலில் இட்டவர் ஸ்மித் இல்லை. பிரான்சில் மோன்கிரெத்தியன் 1615இலேயே அப்பெயரில் ஒரு நூல் எழுதினார். ரூசோ 1755இல் அதே தலைப்பில் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை தந்தார். ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1767இல் பெரிய நூலொன்றை இப்பெயரிட்டு வெளியிட்டார். பொருளாதாரத்தை அரசியல் தலைவர் ஒருவர் இடைவிடாமல் கவனித்து, அவ்வப்போது கையிட்டுச் சீர்செய்ய வேண்டும் என்பது ஸ்டூவர்ட்டின் கருத்து. அந்த நூலை ஒருமுறைகூடப் பெயர் சொல்லாமலேயே, அதிலுள்ள தவறான கொள்கை ஒவ்வொன்றும் தம் நூலில் தெளிவாக மறுக்கப்பட்டிருக்கும் என்று 1772இல் வில்லியம் புல்ட்டனிக்கு எழுதிய கடிதத்தில் ஸ்மித் குறிப்பிட்டார், சொன்னபடியே செய்தார். பெயர் இல்லாத இடத்தில் பெயரைச் சேர்த்து, இன்ன பத்தியில் மறுக்கப்படுவது ஸ்டூவர்ட்டின் இன்ன கருத்து என்று காட்டும் பணியைக் கேம்ப்பெல்லும் ஸ்கின்னரும் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். இதனால் தோற்ற தரப்பின் வாதத்தையும் வாசகர் கேட்க முடிகிறது. ஒரு துறையின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள அது இன்றியமையாதது.

பிரெஞ்சு இயற்கைவாதிகளிடம் (ஃபிசியோகிராட்டுகள் எனப்பட்ட பொருளியல் சிந்தனையாளர்களிடம்) ஸ்மித் காட்டிய மரியாதை வேறு வகையானது. மன்னன் பதினைந்தாம் லூயியின் அரண்மனையில் மருத்துவராக இருந்த, அவர்களுடைய தலைவரான கேனே, நாட்டின் உற்பத்தி நிலவுடைமையாளர், உழவர், கைத்தொழிலாளர் ஆகிய வகுப்புகளுக்கிடையே எப்படிச் சுற்றி வருகிறது என்பதை 1758இல் ஓர் அட்டவணையாக வரைந்தார். 1764 முதல் 1766 வரை பிரான்சில் தங்கியிருந்த காலத்தில் ஸ்மித் அவரையும், அவருடைய கருத்துகளுக்கு நெருக்கமான அரசு நிர்வாகி துர்கோவையும் சந்தித்தார். உழவு மட்டுமே புதிதாகச் செல்வத்தைப் படைக்கிறது என்ற அவர்களுடைய முடிவை ஸ்மித் ஏற்கவில்லை. ஆயினும் அரசியல் பொருளாதாரம் பற்றி அதுவரை வெளிவந்தவற்றுள் உண்மைக்கு மிக நெருங்கியது அவர்களுடைய கோட்பாடே என்று நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் எழுதினார். கேனே 1774இல் இறக்காமல் இருந்திருந்தால் நூலை அவருக்கே காணிக்கையாக்கியிருப்பார் என்பது ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டூகல்ட் ஸ்டூவர்ட் தரும் செய்தி. கருத்தில் மாறுபட்டவரிடமும் இத்தனை நேர்மையோடு பேசத் தெரிந்தவர்கள் தொடங்கி வைத்த துறை இது என்பதை இன்றைய வாசகர்கள் அறிய வேண்டும்.

இப்பதிப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம், கிழக்கிந்தியக் கம்பெனி பற்றிய பகுதிகள் இதில் முழுமையாகவும், எப்போது எழுதப்பட்டவை என்ற விவரத்தோடும் கிடைக்கின்றன என்பதாகும். கிளாஸ்கோ பதிப்பாசிரியர்கள் 1784இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, மற்ற பதிப்புகளிலுள்ள வேறுபாடுகளைச் சிறிய எழுத்துகளால் சுட்டுகிறார்கள். ஐந்தாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் வணிகக் கம்பெனிகளின் வரலாறு வரும் நீண்ட பகுதி 1776இலும் 1778இலும் வந்த பதிப்புகளில் இல்லாதது, 1784இல்தான் ஸ்மித் சேர்த்தது என்பது அதனால் தெரிகிறது. அதற்குள் அவர் எடின்பரோவில் சுங்கத்துறை ஆணையராகச் சில ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் பேராசை கம்பெனியைக் கர்நாடகப் போர்களில் இழுத்துவிட்டதையும், அப்போது அதன் தலைமைக் குடியேற்றமாக இருந்த சென்னையை அது இழந்து, பிறகு உடன்படிக்கையால் திரும்பப் பெற்றதையும் அங்கே அவர் எழுதியிருப்பதைத் தமிழ் வாசகர்கள் தனி ஆர்வத்தோடு படிப்பார்கள்.

ஆனால் என் மனத்தில் ஆழமாகத் தங்கிய இடங்கள் நான்காம் பாகத்தில் இருக்கின்றன. வங்காளத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட வறட்சி கடுமையான தட்டுப்பாட்டோடு நின்றிருக்கக்கூடும், கம்பெனியின் ஊழியர்கள் அரிசி வணிகத்தின்மேல் விதித்த தகாத கட்டுப்பாடுகள் அதைப் பஞ்சமாக மாற்றத் துணைபோயிருக்கலாம் என்று தானிய வணிகம் பற்றிய பகுதியில் எழுதுகிறார். ஏகபோக உரிமை பெற்ற வணிகக் கம்பெனியின் ஆட்சியே எந்த நாட்டுக்கும் வாய்க்கக்கூடிய ஆட்சிகளில் ஒருவேளை மிக மோசமானது என்பது குடியேற்றங்கள் பற்றிய அத்தியாயத்தில் வரும் தீர்ப்பு. அதே அத்தியாயத்தின் முடிவில், தாம் கண்டிப்பது அங்கே பணியாற்றியவர்களின் குணத்தை இல்லை, அவர்கள் வைக்கப்பட்டிருக்கும் நிலையையும் ஆட்சி அமைப்பையுமே என்று சொல்லி, போரிலும் பேச்சுவார்த்தையிலும் சென்னை, கல்கத்தா ஆலோசனை மன்றங்கள் சில வேளைகளில் ரோமானிய செனட் சபைக்கே பெருமை சேர்த்திருக்கக்கூடிய உறுதியையும் அறிவையும் காட்டியதாகவும் குறிப்பிடுகிறார். வணிகனாகச் சம்பாதிக்க வந்தவனிடம் ஆளும் பொறுப்பைக் கொடுத்தால், அவன் நல்லவனாக இருந்தாலும் அவனுடைய இலாபமும் மக்களின் நலமும் எதிரெதிர்த் திசையில்தான் இழுக்கும் என்பது வாதம். தனிமனிதரைக் குறைசொல்வதோடு நிற்காமல், எந்த ஏற்பாடு எவரை எப்படி நடக்கத் தூண்டுகிறது என்று ஆராயும் இந்த முறைதான் அரசியல் பொருளாதாரத்தின் மூலமுறை. நம்மை ஆண்ட கம்பெனியை எடுத்துக்காட்டாக வைத்தே அம்முறை வகுக்கப்பட்டது என்பதை நம் வகுப்பறைகளில் ஏன் சொல்லித் தருவதில்லை என்று நான் வருத்தத்தோடு கேட்கிறேன்.

இதில் இன்னொரு வரலாற்றுத் தொடர்பும் இருக்கிறது. கம்பெனி தன் இந்திய அலுவலர்களைப் பயிற்றுவிக்க நடத்திய கல்லூரியில் 1805 முதல் வரலாற்றுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் பேராசிரியராக இருந்தவர் மால்தஸ். இங்கிலாந்தில் அரசியல் பொருளாதாரத்தின் பெயரால் அமைந்த முதல் பேராசிரியர் பதவி அதுவே. அங்கே அவர் பாடநூலாக வைத்துக் கற்பித்தது ‘நாடுகளின் செல்வம்’. கம்பெனி ஆட்சியை இவ்வளவு கடுமையாகக் கண்டித்த நூலைக் கம்பெனியின் இளம் அலுவலர்களே படித்துவிட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் கப்பலேறினார்கள்.

சந்தையில் கிடைக்கும் சுருக்கப் பதிப்புகளையும், முதல் மூன்று பாகங்களை மட்டும் கொண்ட பதிப்புகளையும் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இப்போது விளங்கும். முதல் பாகத்தில் கசாப்புக்காரரும் ரொட்டி சுடுபவரும் தத்தம் நலம் கருதியே நமக்கு உணவு தருகிறார்கள் என்ற வரி இருக்கிறது. அதோடு நின்றுவிட்டால் ஸ்மித் வணிகர்களின் வழக்கறிஞராகத் தோன்றுவார். அதே முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயம் 36ஆம் பத்தியில், பெரும்பான்மையோர் வறுமையிலும் துன்பத்திலும் கிடக்கும் சமுதாயம் எதுவும் செழிப்பானதாகவோ மகிழ்ச்சியானதாகவோ இருக்க முடியாது என்றும், ஊருக்கே உணவும் உடையும் உறையுளும் ஆக்கித் தருகிறவர்கள் தாங்களும் ஓரளவு நல்ல உணவும் உடையும் உறையுளும் பெறும் அளவுக்குத் தம் உழைப்பின் பயனில் பங்கு அடைவதே நியாயம் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பாகம் முடியும் கடைசிப் பத்தி, வணிகர் வகுப்பிலிருந்து வரும் சட்ட முன்மொழிவு எதுவாயினும் அதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் பாகத்துக்கு வந்தால், முதல் அத்தியாயத்தில் அவ்வளவு புகழ்ந்த வேலைப் பகுப்பே, வாழ்நாளெல்லாம் ஓரிரு எளிய அசைவுகளையே செய்துகொண்டிருக்கும் தொழிலாளியின் அறிவை மழுங்கடித்துவிடும், அரசு முயற்சி எடுத்தாலொழிய உழைக்கும் மக்களின் பெரும்பகுதி அந்நிலைக்குத்தான் போகும் என்று எச்சரிக்கிறார். அதற்கு மாற்றாக எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் சிறு பள்ளிகளை அரசு ஊர்தோறும் நிறுவலாம் என்கிறார். ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ என்ற தொடர் இந்த 1,000 பக்கங்களில் ஒரே ஓர் இடத்தில், நான்காம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், உள்நாட்டு முதலீடு பற்றிப் பேசும்போது வருகிறது. ஊர்ப் பள்ளிகளுக்கு அவர் ஒதுக்கிய இடம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாடவேறுபாடுகளைச் சுட்டும் சிறிய எழுத்துகள் வரிகளுக்கிடையே அடிக்கடி குறுக்கிடுகின்றன. முதல் முறை தொடர்ந்து படிக்கிறவருக்கு இது இடையூறுதான். காற்புள்ளி ஒன்று மாறியதற்கும் ஒரு முழுப் பகுதி சேர்க்கப்பட்டதற்கும் ஒரே வகையான குறி இருப்பதால், எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வாசகரே பழகித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முன்னுரை ஆழமானது, ஸ்மித்தின் ‘அற உணர்வுகளின் கோட்பாடு’ என்ற 1759ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்கி அவருடைய சிந்தனை முழுவதையும் ஒரே அமைப்பாகக் காட்ட முயல்கிறது. ஆனால் புதியவரை நோக்கி எழுதப்பட்டதில்லை. நூலில் கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பி வந்து படித்தால்தான் பயன் தருகிறது. அடிக்குறிப்புகள் 1976 வரையிலான ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதும் இயல்பான எல்லைதான். 1202 முதல் 1764 வரையிலான கோதுமை விலைப் பட்டியல்களை ஆராய்ச்சியாளர் தவிர மற்றவர்கள் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு, கானன் 1904இல் ஐந்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் நல்ல பதிப்பு; பக்க ஓரக் குறிப்புகள் வாதத்தைச் சுருக்கித் தருவதால் தொடக்க வாசிப்புக்கு எளிமையானது. ஆயினும் 1958இல் கிடைத்த விரிவுரைக் குறிப்புகளை அதில் எதிர்பார்க்க முடியாது. இத்துறை எப்படித் தோன்றியது என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் அது பெரிய இழப்பு. ரிக்கார்டோ, ஜான் ஸ்டூவர்ட் மில், மார்க்ஸ் ஆகியோர் வழியாக இத்துறை எங்கெங்கு சென்றது, 1890இல் மார்ஷல் எழுதிய நூலுக்குப் பிறகு அது எப்படிப் பொருளியல் என்று தனித்து நின்றது என்பதற்கெல்லாம் வேறு புத்தகங்களைத் தேட வேண்டும். கிளாஸ்கோ பதிப்பு அந்த வழியின் தொடக்கத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் தொகுதியின் இறுதியிலுள்ள அடைவுகளைப் பற்றி ஒரு சொல். சட்டங்களுக்கு ஒன்று, எடுத்தாளப்பட்ட ஆசிரியர்களுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனி அடைவுகள் இருக்கின்றன. சட்டங்களின் அடைவைப் புரட்டினாலே, துணி, கம்பளி, தானியம், உப்பு, கப்பல் போக்குவரத்து என்று எத்தனை ஆங்கிலச் சட்டங்களை ஸ்மித் எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார் என்பது தெரியும். அரசியல் பொருளாதாரம் சட்டம் இயற்றுவோருக்கான அறிவியல் என்று அவர் சொன்னதன் பொருள் அந்தப் பக்கங்களில் கண்கூடாகக் கிடைக்கிறது.

படிக்கும் ஒழுங்கு பற்றி என் பரிந்துரை இது. முதல் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு, எட்டாம் அத்தியாயத்துக்குச் சென்று, அங்கிருந்து நான்காம் பாகத்தின் முன்னுரைப் பத்திகளுக்கும் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கும் போகலாம். பிறகு ஐந்தாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை முழுமையாகப் படித்துவிட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்தால் விடுபட்டவை எல்லாம் தத்தம் இடத்தில் பொருந்திக்கொள்ளும். விற்பனையாளர்கள் சிலர் தொகுதிகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். முதல் தொகுதியை மட்டும் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். நான்காம் பாகத்தின் நடுவிலேயே முதல் தொகுதி முடிந்துவிடுவதால், குடியேற்றங்கள், இயற்கைவாதிகள், கம்பெனிகள், கல்வி, வரி, பொதுக்கடன் ஆகிய அனைத்தும் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டுமே வாங்கப் பணம் இருக்கிறது, பாடநூல் வழியாக ஸ்மித்தின் முதல் அத்தியாயங்கள் ஏற்கெனவே அறிமுகம் என்பவர்கள் இரண்டாவதையே முதலில் வாங்கலாம்.